எல்லையோரத்திலிருந்து வலைத்தளம் வடிவமைப்பவர் கணினியில் வைத்திருக்க வேண்டிய மென்பொருள்கள்: ஒரு முழுமையான வழிகாட்டி

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் அமர்ந்து தனியாக வலைத்தள வடிவமைப்பு செய்பவருக்கு வேலை மூன்று திசைகளிலிருந்தும் வருகிறது. கிழக்கே கோபாலபுரம் தாண்டினால் பொள்ளாச்சியின் கொப்பரை, தென்னை நார் வியாபாரிகள் இருக்கிறார்கள். மேற்கே பாலக்காட்டுக் கடைக்காரர்களும், தெற்கே முதலமடையின் மாந்தோப்புக்காரர்களும் இருக்கிறார்கள். அந்தத் தோப்புக்காரர்களில் ஒருவர் முதல் சந்திப்பிலேயே என்னிடம் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது: "தம்பி, பொள்ளாச்சிக்காரங்க தமிழ்ல படிக்கணும், திருச்சூர்க்காரங்க மலையாளத்துல படிக்கணும். ரெண்டும் ஒரே கடை மாதிரி இருக்கணும்."

அவர் கேட்டதைச் செய்து கொடுக்க எந்தெந்த மென்பொருள்கள் வேண்டும், அவற்றை எந்த வரிசையில் நிறுவ வேண்டும், எந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும் என்பதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். நான் ஒரு மென்பொருளை ஏற்பதற்கு இரண்டே அளவுகோல்கள் வைத்திருக்கிறேன். தமிழையும் மலையாளத்தையும் அது உடைக்காமல் காட்ட வேண்டும். இணையம் இல்லாதபோதும் என் கணினியிலேயே அது இயங்கி, அதன் கோப்புகள் என் கைவசமே இருக்க வேண்டும். இரண்டாவது அளவுகோல் சிலருக்கு மிகையாகத் தோன்றலாம். ஆனால் வலைத்தளக்காரர்கள் பலர் விரும்பிப் பயன்படுத்திய பிராக்கெட்ஸ் எடிட்டருக்கு அடோபி 2021இல் ஆதரவை நிறுத்தியது, ஆட்டம் எடிட்டர் 2022 டிசம்பரில் முடிவுக்கு வந்தது, பக்கத்தின் மாதிரி வரையும் அடோபி எக்ஸ்.டி.யின் வளர்ச்சியும் நின்றுவிட்டது. மென்பொருள் போனாலும் வேலை போகாமல் இருக்க வேண்டுமானால், கோப்புகள் எல்லோராலும் திறக்கக்கூடிய வடிவத்தில் இருந்தாக வேண்டும்.

முதல் படி: கணினியும் இயங்குதளமும்

எட்டு ஜி.பி. ராம் குறைந்தபட்சம் தேவை, பதினாறு இருந்தால் நிம்மதியாக வேலை செய்யலாம். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. போட்டுவிட்டால் பழைய லேப்டாப்பும் புதியது போல ஓடும். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத கணினி வைத்திருப்பவர்கள் அதைக் கழித்துவிட வேண்டியதில்லை, லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு நிறுவிக்கொள்ளலாம். கேரளப் பள்ளிகளில், தமிழ்வழிப் பிரிவுகள் உட்பட, கைட் என்ற அரசு கல்வித் தொழில்நுட்ப நிறுவனத்தின் லினக்ஸிலேயே ஐ.டி. பாடம் நடக்கிறது. எனவே இந்தப் பக்கத்தில் படித்த பிள்ளைகளுக்கு இன்க்ஸ்கேப், ஜிம்ப் ஆகிய வரைகலை மென்பொருள்கள் ஏற்கெனவே பழக்கப்பட்டவை. அந்தப் பழக்கத்தைத் தொழிலாக மாற்றிக்கொள்ள அவர்கள் தயங்க வேண்டியதில்லை.

திருட்டு மென்பொருளை எந்த நிலையிலும் நிறுவாதீர்கள். கிராக் கோப்புகளோடு வரும் வைரஸ், உங்கள் கணினியில் சேமித்து வைத்திருக்கும் வாடிக்கையாளரின் சர்வர் கடவுச்சொல்லைத்தான் முதலில் திருடும். கீழே நான் சொல்லும் மென்பொருள்களில் பெரும்பாலானவற்றைப் பணம் கொடுக்காமலேயே பயன்படுத்தத் தொடங்கலாம்.

இரண்டாம் படி: தட்டச்சும் எழுத்துருவும்

வடிவமைப்பு வழிகாட்டிகள் பெரும்பாலும் இந்தப் படியை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. எங்கள் ஊரில் வேலை கெடுவதெல்லாம் இங்கேதான் என்பதால், நான் இதில் சற்று நேரம் நிற்க விரும்புகிறேன்.

தமிழுக்குத் தமிழ்99 விசைப்பலகையைப் பழகிக்கொள்ளுங்கள். விண்டோஸிலேயே அது இருக்கிறது, லினக்ஸில் ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாகச் சேர்த்துக்கொள்ளலாம். மலையாளத்துக்கு இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகை பழகிவிட்டால் இரண்டு மொழிகளையும் ஒரே கணினியில் மாற்றி மாற்றி அடிக்க முடியும். வாடிக்கையாளர் கொடுக்கும் பழைய துண்டறிக்கைக் கோப்புகள் பெரும்பாலும் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோட் குறியேற்றத்தில் இருக்காது. தமிழ் பாமினியிலும் மலையாளம் எம்.எல். கார்த்திகா போன்ற எழுத்துருக்களிலும் அடிக்கப்பட்டிருக்கும். அவற்றை அப்படியே நகலெடுத்து வலைப்பக்கத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பைதான் தெரியும். தமிழுக்கு என்.எச்.எம். கன்வெர்ட்டரும், மலையாளத்துக்கு ஸ்வதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவினரின் பையன்ஸும் இந்த மாற்றத்தைச் செய்து தருகின்றன. மாற்றிய பிறகு வரிவரியாகப் படித்துப் பார்க்காமல் எதையும் தளத்தில் ஏற்றாதீர்கள்.

படித்துப் பார்க்கும்போது எதைத் தேட வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம் தருகிறேன். கௌரி என்ற பெயரைப் பலர் 'ஔ' உயிர்மெய்க் குறியால் அடிக்காமல், கெ என்று அடித்துப் பக்கத்தில் ள என்ற எழுத்தைப் போட்டுவிடுகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியும், ஆனால் கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். வாடிக்கையாளர் கூகுளில் சரியாக அடித்துத் தேடும்போது உங்கள் பக்கம் அகப்படாமல் போகலாம். இதைத் திருத்த எடிட்டரில் ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்ந்து வரும் இடங்களைத் தேடுங்கள், ஆனால் 'அனைத்தையும் மாற்று' என்ற பொத்தானை மட்டும் அழுத்தாதீர்கள். வெள்ளம், தெளிவு, கெளுத்தி ஆகிய சொற்களில் அதே இணை முறையாகவே வருகிறது, அவையும் சேர்ந்து கெட்டுவிடும். ஒவ்வோர் இடமாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். 'ஸ்ரீ' என்ற எழுத்தும் இப்படித்தான்: ஸகரத்தில் தொடங்கியும் ஶகரத்தில் தொடங்கியும் இருவகையாகக் குறியேற்றம் ஆகிறது. ஒரு தளம் முழுவதும் ஒரே வகையை வைத்துக்கொள்வது நல்லது.

மலையாளத்தில் இதற்கு இணையான சிக்கல் சில்லு எழுத்துகளில், அதாவது உயிர் சேராத மெய்யின் தனி வடிவங்களில், இருக்கிறது. ன், ண், ர், ல், ள் ஆகிய ஒலிகளுக்கான சில்லுகளுக்கு யூனிகோட் 5.1 வெளியான 2008இல்தான் தனிக்குறிகள் கிடைத்தன. அதற்கு முன்பு மெய்யெழுத்து, சந்திரக்கலை (நம் புள்ளி போன்ற குறி), கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக்குறி ஆகிய மூன்றையும் சேர்த்து அவற்றை எழுதினார்கள். பழைய கோப்பிலிருந்து வந்த பத்தியும் இன்று அடித்த பத்தியும் ஒரே பக்கத்தில் கலந்தால், தேடலில் ஒன்று அகப்படும், மற்றது அகப்படாது.

எழுத்துரு தேர்வுக்கு வருவோம். பத்திகளுக்கு நோட்டோ சான்ஸ் தமிழும் நோட்டோ சான்ஸ் மலையாளமும் ஒன்றோடொன்று பொருந்தும். சற்றுத் தனித்தன்மை வேண்டுமானால் அனேக் குடும்பத்தில் இரண்டு மொழிகளுக்கும் எழுத்துரு இருக்கிறது. மலையாளத்துக்கு மட்டும் என்றால் மஞ்சரி என் விருப்பம். தலைப்புகளுக்கு நான் திரும்பத் திரும்ப எடுப்பது பலூ குடும்பத்தை. அதன் தமிழ் எழுத்துருவுக்குப் பலூ தம்பி என்றும் மலையாள எழுத்துருவுக்குப் பலூ சேட்டன் என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். தடிமனும் வளைவும் ஒரே பாணியில் வரைந்தவை என்பதால், தோப்புக்காரர் கேட்ட 'ஒரே கடை' தோற்றம் இங்கேயே பாதி கிடைத்துவிடுகிறது. இவை எல்லாம் திறந்த எழுத்துரு உரிமத்தில் வருவதால் உங்கள் சர்வரிலேயே வைத்துப் பயன்படுத்தலாம். சினிமா போஸ்டர்களில் வரும் எழுத்துருக்களை உரிமம் பார்க்காமல் எடுக்க வேண்டாம்.

பக்கத்தின் தோற்றத்தைக் குறிக்கும் சி.எஸ்.எஸ். எழுதும்போது வரி உயரத்தை எழுத்தளவின் 1.6 மடங்குக்குக் குறையாமல் வையுங்கள். நான் 1.7 வைக்கிறேன். மேலே விசிறியும் கீழே உகரச் சுழியும் கொண்ட எழுத்துகளுக்கு ஆங்கிலத்துக்கான வரி இடைவெளி போதாது. தமிழ்ப் பகுதிக்கும் மலையாளப் பகுதிக்கும் மொழிக்குறியைத் தனித்தனியாகக் குறிப்பிட்டு விடுங்கள். தேடுபொறிக்கும், பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பானுக்கும் அதைப் பார்த்துத்தான் எது எந்த மொழி என்று தெரியும்.

மூன்றாம் படி: குறிநிரல் எடிட்டர்

மைக்ரோசாஃப்ட்டின் வி.எஸ். கோட் 2015இல் வெளிவந்தது, இன்று பெரும்பாலானோர் கையில் அதுதான் இருக்கிறது. பயன்பாட்டுத் தகவல் அனுப்பப்படுவதை விரும்பாதவர்கள் அதே மூலநிரலிலிருந்து உருவாகும் வி.எஸ். கோடியத்தை நிறுவலாம். பழைய கணினிக்கு நோட்பேட் பிளஸ் பிளஸ் போதும்.

நிறுவியதும் மூன்று அமைப்புகளைச் செய்துவிடுங்கள். எழுத்துருப் பட்டியலில் நிரல் எழுத்துருவுக்குப் பின்னால் நோட்டோ சான்ஸ் தமிழையும் மலையாளத்தையும் சேருங்கள். எல்லாக் கோப்புகளும் யு.டி.எஃப்-8 என்ற யூனிகோட் வடிவிலேயே சேமிக்கப்படுகின்றனவா என்று பாருங்கள். ஆட்டோசேவை இயக்குங்கள். பாலக்காட்டுக் கணவாயில் காற்று வீசத் தொடங்கிவிட்டால், மின்கம்பியின் மேல் ஒரு தென்னை மட்டை விழுந்து எந்த நிமிடமும் கரண்ட் போகும். மேசைக் கணினி வைத்திருப்பவர்கள் ஒரு சிறிய யு.பி.எஸ்.ஸும் வாங்கிவிடுங்கள். வேலையைச் சேமித்து முறையாக அணைப்பதற்கு அது தரும் சில நிமிடங்கள் போதும்.

நான்காம் படி: வரைவதும் படங்களும்

லோகோவுக்கும் சின்னங்களுக்கும் இன்க்ஸ்கேப். அது எஸ்.வி.ஜி. வடிவத்திலேயே சேமிக்கிறது, உலாவிகளும் அதே வடிவத்தை நேரடியாகக் காட்டுகின்றன. தமிழ், மலையாளக் கூட்டெழுத்துகளை இன்க்ஸ்கேப்பும் ஜிம்பும் எந்தத் தனி அமைப்பும் இல்லாமலேயே சரியாகக் காட்டுகின்றன. பழைய ஃபோட்டோஷாப் பதிப்பு வைத்திருப்பவர்கள் டைப் அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை மாற்றாமல் தமிழ் அடித்தால், கொம்பும் எழுத்தும் இடம் மாறி நிற்கும். மென்பொருளே பழுது என்று நினைத்துப் பலர் எழுத்துகளைத் தனித்தனியாக நகர்த்தி ஒட்டவைக்கிறார்கள், அது வீண் வேலை. லோகோவை அச்சகத்துக்கு அனுப்பும்போது இன்க்ஸ்கேப்பில் எழுத்தைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்-ஷிஃப்ட்-சி அழுத்தி வரைகோடாக மாற்றிய பிரதியை அனுப்புங்கள். எழுத்தாகவே இருக்கும் மூலப் பிரதியைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

புகைப்படங்களுக்கு ஜிம்ப். தோப்புக்காரர் அனுப்பும் செல்பேசிப் படம் ஒவ்வொன்றும் பல எம்.பி. இருக்கும். கிளிமூக்கு, செந்தூரம், பங்கனப்பள்ளி என்று இருபது படங்களை அப்படியே ஏற்றினால், வியாபாரி சந்தையில் நின்றபடி திறக்கும் பக்கம் திறந்து முடிவதற்குள் அவர் அடுத்த கடைக்குப் போயிருப்பார். அகலத்தை 1600 பிக்சலாகக் குறைத்து, வெப்பி (WebP) வடிவில் தரம் 75 முதல் 80க்குள் வைத்துச் சேமித்தால் அளவு பல மடங்கு குறையும். நிறம் கெட்டதாக யாருக்கும் தெரியாது. நிறையப் படங்கள் இருந்தால் எக்ஸ்.என். கன்வெர்ட் ஒரே முறையில் எல்லாவற்றையும் மாற்றித் தரும். அதிலேயே படத்தில் மறைந்திருக்கும் தகவல்களை நீக்கும் தேர்வையும் இயக்குங்கள். செல்பேசிப் படத்தில் எடுத்த இடத்தின் இருப்பிடக் குறிப்பும் சேர்ந்திருக்கலாம். ஒருவருடைய வீட்டின் இருப்பிடத்தை அவருக்குத் தெரியாமல் நாம் உலகுக்கு அறிவிக்கக் கூடாது.

பக்கத்தின் மாதிரி வரைவை வாடிக்கையாளருக்குக் காட்ட ஃபிக்மா நல்ல கருவிதான், ஆனால் அது இணையத்தை நம்பியிருக்கிறது. நான் இன்க்ஸ்கேப்பிலேயே 360 பிக்சல் அகலத்தில் ஒரு பக்கம் வரைந்து, படமாக வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன். அவர்கள் அதைச் செல்பேசியில்தான் பார்க்கப்போகிறார்கள்.

ஐந்தாம் படி: கணினிக்குள்ளேயே ஒரு சர்வர்

வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளில் அமையும் தளத்தை வாடிக்கையாளரின் ஹோஸ்டிங்கிலேயே (தளத்துக்காக வாடகைக்கு எடுத்த சர்வரிலேயே) நேரடியாகக் கட்டுவது தவறான பழக்கம். பாதி கட்டிய பக்கத்தை எல்லோரும் பார்ப்பார்கள், இணையம் போனால் வேலையும் நிற்கும். லோக்கல் என்ற பெயரிலேயே ஒரு மென்பொருள் இருக்கிறது. நிறுவி, தளத்துக்குப் பெயர் கொடுத்தால், வேர்ட்பிரஸ் உங்கள் கணினிக்குள்ளேயே இயங்கத் தொடங்கும். வேர்ட்பிரஸ் அல்லாத, பி.எச்.பி. என்ற சர்வர் நிரல்மொழியில் செய்யும் வேலைகளுக்கு எக்ஸாம்ப் நிறுவுங்கள். அப்பாச்சி சர்வரும் மரியா டி.பி. தரவுத்தளமும் பி.எச்.பி.யும் அதில் ஒன்றாக வருகின்றன, எச்.டி.டாக்ஸ் என்ற ஃபோல்டருக்குள் உங்கள் கோப்புகளை வைத்தால் போதும். அப்பாச்சி தொடங்க மறுத்தால், 80ஆம் போர்ட்டை (சர்வர் பயன்படுத்தும் இணைப்பு எண்ணை) வேறொரு மென்பொருள் பிடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அமைப்புக் கோப்பில் அதை 8080 என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இருமொழித் தளத்துக்குப் பாலிலாங் செருகுநிரலின் இலவசப் பதிப்பு போதுமானது. தமிழ்ப் பக்கத்தையும் மலையாளப் பக்கத்தையும் அது இணையாகக் கட்டி வைக்கும். மொழிமாற்றப் பொத்தானில் கொடிச் சின்னம் வைக்காதீர்கள். 'தமிழ்' என்று தமிழிலும் 'மலையாளம்' என்று மலையாள எழுத்திலும் எழுதுங்கள். இரண்டு மொழியும் ஒரே வீட்டுக்குள் பேசப்படும் ஊர் இது, எந்தக் கொடியை எந்த மொழிக்கு வைப்பது?

ஆறாம் படி: சோதனை

ஃபயர்ஃபாக்ஸில் கன்ட்ரோல்-ஷிஃப்ட்-எம் அழுத்தினால் செல்பேசித் திரையின் அளவில் பக்கத்தைப் பார்க்கலாம், இணைய வேகத்தைக் குறைத்தும் பார்க்கலாம். குரோமில் உள்ள லைட்ஹவுஸ், பக்கத்தின் வேகத்தையும் அணுகல்தன்மையையும் அளந்து குறைகளைச் சொல்லும். இவற்றோடு நிறுத்தாமல் உண்மையான செல்பேசியிலும் பாருங்கள். வி.எஸ். கோடில் லைவ் சர்வர் நீட்சியை இயக்கிவிட்டு, அதே வைஃபையில் இணைந்த செல்பேசியின் உலாவியில் கணினியின் ஐ.பி. எண்ணையும் 5500 என்ற போர்ட் எண்ணையும் அடித்தால், எதையும் இணையத்தில் ஏற்றாமலே பக்கம் திறக்கும். திறக்கவில்லை என்றால் விண்டோஸ் ஃபயர்வால் தடுத்திருக்கும், தனியார் வலையமைப்புக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். வீட்டிலேயே மிகப் பழைய செல்பேசி யாரிடம் இருக்கிறதோ, அவரிடம் கேட்டு வாங்கிச் சோதியுங்கள். மலையாளச் சில்லு பெட்டியாகத் தெரிவது அந்தச் செல்பேசியில்தான்.

தளம் முடிந்ததும் ஸ்க்ரீமிங் ஃபிராக் மென்பொருளால் ஒருமுறை முழுவதையும் துழாவுங்கள். 500 முகவரிகள் வரை இலவசம், உடைந்த இணைப்புகளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஏழாம் படி: பதிப்புகளும் ஏற்றுதலும்

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதிய கிட், நீங்கள் பதியச் சொல்லும் ஒவ்வொரு மாற்றத்தையும் நாள், நேரத்தோடு நினைவில் வைத்துக்கொள்கிறது. கட்டளைகள் பழகாதவர்கள் வி.எஸ். கோடுக்குள் இருக்கும் பொத்தான்களையே பயன்படுத்தலாம். 'போன வாரம் இருந்ததே நல்லா இருந்துச்சுங்க' என்று வாடிக்கையாளர் சொல்லும் நாளில்தான் இதன் அருமை தெரியும்.

சர்வரில் ஏற்ற ஃபைல்ஜில்லா அல்லது வின்எஸ்.சி.பி. பயன்படுத்துங்கள். பழைய எஃப்.டி.பி.யில் கடவுச்சொல் மறையாக்கம் இல்லாமல் போகிறது, எனவே எஸ்.எஃப்.டி.பி.யைத் தேர்ந்தெடுங்கள். ஃபைல்ஜில்லாவில் கடவுச்சொற்களைச் சேமிப்பதானால் முதன்மைக் கடவுச்சொல் ஒன்றை அமைத்த பிறகே சேமியுங்கள். நிறுவும்போது வேறு மென்பொருளையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கக்கூடும், மறுத்துவிடுங்கள். கோப்புகளைப் புதிய ஃபோல்டரில் முழுவதும் ஏற்றிவிட்டுக் கடைசியில் பெயரை மாற்றினால், நடுவில் கரண்ட் போனாலும் பழைய தளம் உடையாமல் நிற்கும்.

எட்டாம் படி: காப்புப்பிரதியும் கடவுச்சொல்லும்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதத்தில் என் ஹார்ட் டிஸ்க் திடீரென்று நின்றுவிட்டது. தளங்களின் கோப்புகள் சர்வரில் இருந்ததால் அவற்றை மீட்டுவிட்டேன். ஆனால் மார்கழிப் பனியில் இரண்டு நாள் தோப்பில் நின்று எடுத்த, பூத்து நிற்கும் மாமரங்களின் மூலப்படங்கள் அந்த ஒரு டிஸ்க்கில் மட்டுமே இருந்தன. அந்தப் படங்களை மீண்டும் எடுக்க அடுத்த மார்கழிவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. முதலமடை மாம்பழம் நாட்டின் மற்ற இடங்களுக்கு முன்பே சந்தைக்கு வருவது, அதுவே அதன் மதிப்பு. அந்தப் பருவத்தின் விளம்பரத்தைப் பழைய படங்களை வைத்தே ஒப்பேற்ற வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து மூன்று பிரதிகள் வைக்கிறேன்: கணினியில் ஒன்று, வெளி டிஸ்க்கில் ஒன்று, வீட்டுக்கு வெளியே ஒன்று. ஃப்ரீஃபைல்சிங்க் என்ற மென்பொருள் கணினியையும் வெளி டிஸ்க்கையும் ஒப்பிட்டு மாறியதை மட்டும் நகலெடுக்கிறது. வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை மாலையில் ஓடவிடுகிறேன். முடிந்ததும் டிஸ்க்கைக் கணினியிலிருந்து கழற்றிவிடுங்கள், இடி மின்னலில் இரண்டும் ஒன்றாகப் போகக் கூடாது. மாதம் ஒருமுறை பிரதியிலிருந்து ஏதாவது ஒரு கோப்பைத் திறந்தும் பாருங்கள்.

கடவுச்சொற்களுக்குக் கீபாஸ் எக்ஸ்.சி. எல்லாம் ஒரே மறையாக்கக் கோப்பில் இருக்கும், இணையம் தேவையில்லை. நோட்டுப் புத்தகத்திலும் வாட்ஸ்அப்பிலும் வாடிக்கையாளரின் கடவுச்சொற்களை எழுதி வைப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள்.

ஒன்பதாம் படி: பில்லும் ஒப்படைப்பும்

லிப்ரே ஆபிஸின் கால்க்கில் பில் மாதிரி ஒன்றை அமைத்துக்கொண்டால் தனிக் கணக்கு மென்பொருள் தேவைப்படாது. எல்லையோரத்தில் இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சேவைத் தொழில் செய்பவரின் ஆண்டு மொத்த வரவு (டர்ன்ஓவர்) இருபது லட்சத்துக்குள் இருந்தால், பொள்ளாச்சி வாடிக்கையாளருக்கு மாநிலம் தாண்டிச் சேவை செய்கிறார் என்பதற்காக மட்டும் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமாகாது. பதிவு செய்தவர்கள் பாலக்காட்டுப் பில்லில் மத்திய, மாநில வரிகளைத் தனித்தனியாகவும் பொள்ளாச்சிப் பில்லில் ஒருங்கிணைந்த வரியாகவும் காட்ட வேண்டும் என்பதால், கால்க்கில் இரண்டு தாள்களைத் தனியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்படைக்கும் நாளில் வாடிக்கையாளருக்கு ஒரு பென்டிரைவ் கொடுங்கள். தளத்தின் முழுப் பிரதி, லோகோவின் எஸ்.வி.ஜி. மூலம், எழுத்துருக்கள், மூலப்படங்கள் ஆகிய எல்லாம் அதில் இருக்கட்டும். டொமைன் அவர் பெயரிலேயே பதிவாகியிருக்கட்டும். விலையை மாற்றுவது எப்படி என்பதை ஓ.பி.எஸ். ஸ்டூடியோவில் திரையைப் பதிவு செய்து, அவர் வீட்டில் பேசும் மொழியிலேயே விளக்கி, அந்த வீடியோவையும் சேர்த்து வையுங்கள். தோப்புக்காரரின் பென்டிரைவில் ஐந்து நிமிட வீடியோ ஒன்று இருக்கிறது. இப்போது ஒவ்வொரு தை மாதமும் விலைப்பட்டியலைக் கல்லூரியில் படிக்கும் அவருடைய மகளே மாற்றிவிடுகிறார்.